விட்டுப்போன ஒரு எஸ்

இன்று திண்டிவனத்தில் நான் ஒரு பிழை கண்டுபிடித்தேன்!

போன வருஷம்தான் படிக்கக் கற்றேன். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்.

மருமகள் ரெஜினா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரிகளுக்கு ஒரு வெப்சைட் செய்திருக்கிறாள். நாளை திறப்பு. "முதல்ல நீங்க பாருங்க மாமா" என்றாள்.

முகவரியை எச், டி, டி, பி என்று ஒற்றை விரலால் அடித்தேன். பக்கம் திறந்ததும் பி-க்குப் பின்னால் ஒரு எஸ் ஒட்டிக்கொண்டு நின்றது. அழித்துவிட்டு அடித்தேன். மறுபடியும் எஸ்.

"என்னம்மா, நான் தப்பா எழுதறேன்னு இதுவும் திருத்துதா?"

சிரித்தாள். "இல்ல மாமா. எஸ் இருந்தா நாம எழுதறது ஒட்டுன கவருல போவும். இல்லன்னா போஸ்ட் கார்டு, வழியில யாரு வேணா படிக்கலாம். அதான் நடுவுல மிடில்வேர்னு ஒரு காவல் போட்டிருக்கேன். எஸ் இல்லாம வர்றவங்கள எஸ் இருக்கற பக்கம் திருப்பி விட்டுடும்."

அடுத்தது பாஸ்வேர்டு எழுதும் பக்கம். மேலே இருந்த முகவரியை எழுத்துக்கூட்டினேன்.

"இங்க எஸ் இல்லியேம்மா."

"நல்லா பாருங்க மாமா. எல்லாத்துக்கும் போட்டுக்கினுதான் வந்தேன்."

மூன்று முறை படித்தேன். இல்லை.

குனிந்து பார்த்தவள் முகம் மாறியது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் காவலுக்கு வெளியே விட்டுவிட்டாளாம். நாளை வியாபாரிகள் எல்லாருடைய பாஸ்வேர்டும் போஸ்ட் கார்டில் போயிருக்கும்.

"பேஜாரு மாமா! ஆபீஸ்ல நாலு பேரு பார்த்தாங்க, ஒருத்தரும் கவனிக்கல."

"அவங்கல்லாம் படிக்கத் தெரிஞ்சவங்கம்மா" என்றேன்.

இதை எழுத இரண்டு மணி நேரம் ஆனது. பிழை இருந்தால் சொல்லுங்கள். ஆனால் முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.