மஞ்சள் ஏறாத குழி

இரத்தத்திலிருந்து பிரிந்த தெளிந்த நீரை உறிஞ்சி, சோதனைப் பலகையின் அரிசி அளவுக் குழிகளில் கைகள் சொட்டுவிட்டன. காத்திருந்து கழுவின. மறுபடியும் கழுவின. கடைசி மருந்தை விட்டதும் பலகையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தன. காமாலை வைரஸ் இருந்தால் குழி மஞ்சளாகும். நோயாளி சோரோன்பாயின் குழி நேற்றுப் போலவே வெறும் தண்ணீராகக் கிடந்தது. அவர் தம்பி தொக்தோசுனின் குழிதான் மஞ்சள்.

புருல்சாவின் கைகள் அவை. எங்கள் மலையூரான நாரினின் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்துக்கு வருமுன் கால்நடைத் துறையில் ஆட்டு இரத்தம் பார்த்தவள். டாக்டர்கள் அதை ஒருநாளும் மறந்ததில்லை.

டாக்டர் எசென்பாய் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

"அக்கா, சோரோன்பாய் கண்ணைப் பாத்தீங்களா? வெண்ணெய் கணக்கா மஞ்சளா இருக்கு. உங்க காகிதம் ஒண்ணுமில்லங்குது. இது ஆடு இல்ல, மனுஷன்!"

"ஆடுன்னா நம்பலாம் டாக்டர். நீங்க நெனச்ச முடிவு வரலேன்னா மெஷின் கெட்டுப்போச்சும்பீங்க, வந்தா உங்க கெட்டிக்காரத்தனம்பீங்க."

"கரண்ட் போயி மருந்து வீணாயிடுச்சா?"

"இல்ல."

சொன்னாளே தவிர, அவர் போனதும் மருந்துப் புட்டியை முகர்ந்து பார்த்தாள். நோய் உண்டென்று தெரிந்த பழைய மாதிரியை வைத்துச் சோதித்தாள். அது சரியாக மஞ்சளானது. அப்படியானால் தப்பு இரத்தத்தில். டாக்டரே ஏதாவது செய்திருப்பாரோ என்றுகூட நினைத்தாள். தன்னிடம் சொல்லாமல் அவர் தலைநகருக்கு மாதிரிகள் அனுப்புவதை டாக்சிக்காரர்கள் வாயால் அறிந்திருந்தாள்.

சண்டை போட நேரமில்லை. வைரஸ் உண்டென்ற காகிதம் இல்லாமல் தலைநகரில் சோரோன்பாயைச் சேர்க்க மாட்டார்கள். பனி கொட்டி மலைப்பாதை அடைபட்டால் பிறகு காகிதம் இருந்தும் பயனில்லை.

புது இரத்தம் கேட்டாள். மறுநாள் பெகாய் அண்ணன் தம்பி இருவரின் இரத்தத்தையும் இரண்டு குழாய்களில் கொண்டுவந்தாள். மேய்ச்சல் வெளியில் ஊசி போடும் நர்ஸ் அவள். சோரோன்பாய் வீட்டு மருமகளும் அவளே. போன தடவை இரத்தம் கொண்டுவந்ததும் அவள்தான். இந்தத் தடவையும் குழாய்களில் பெயர் இல்லை. எசென்பாய் கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார்.

புருல்சா ஒரு குழாயை எடுத்தாள். "இது சோரோன்பாயோடதா?"

பெகாய் முக்காட்டை இழுத்துவிட்டுத் தலை குனிந்தாள். புருல்சா பெயரை எழுதப்போனாள். பேனாவை வைத்ததும் கை நின்றது.

"ஏம்மா, இப்ப நீ ஆமான்னியா, இல்ல மாமனார் பேரைக் கேட்டதுக்குக் குனிஞ்சியா?"

"பேர் காதுல விழுந்துச்சு, குனிஞ்சேன். பெரியவங்க பேருக்கு நிமிந்து நிப்பாங்களா?"

"போன தடவையும்?"

"அப்பவும்தான். நீங்க எதுல எழுதினீங்கன்னு நான் பாக்கவேயில்லையே."

"குழாய் மேல நீயே எழுதியிருக்கலாமேம்மா!" என்றார் எசென்பாய்.

"வாயால சொல்லாத பேரைக் கையால எழுதுறதா டாக்டர்?"

எசென்பாய் சிரித்துவிட்டார். "பாவம் தொக்தோசுன். அவர் காகிதத்தை நம்பி, போதை ஏறுற புளிச்ச குதிரைப்பாலைத் தொடக்கூடாதுன்னுட்டேன். என்னைத் திட்டாத நாளில்ல."

"அந்தக் காகிதத்தை மட்டும் நம்பினீங்களாக்கும்" என்றாள் புருல்சா. பெகாய் பக்கம் திரும்பினாள். "பேரெல்லாம் வேண்டாம். உன் புருஷனோட அப்பா இரத்தம் எது? கையை வை."

பெகாய், புருல்சா எடுக்காத குழாயைத் தொட்டாள்.

எசென்பாய் போகவில்லை. தேநீர் ஆறும்வரை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கழுவலுக்கும் எட்டிப் பார்த்தார். கடைசி மருந்து விழுந்ததும் சோரோன்பாயின் குழி மஞ்சளானது. தம்பியின் குழி வெறும் தண்ணீராகவே இருந்தது.

புருல்சா முடிவை எழுதி முத்திரை குத்தினாள். எசென்பாய் கையை நீட்டினார். அவள் உடனே கொடுக்கவில்லை.

"அந்த மஞ்சள் உன் மாமனாரோடதுதானே?" என்று பெகாயைக் கேட்டாள்.

"ஆமாக்கா." இந்த முறை பெகாய் நிமிர்ந்து, பலகையைப் பார்த்தே சொன்னாள்.

அதன் பிறகுதான் புருல்சா காகிதத்தை டாக்டரின் கையில் வைத்தாள்.