வண்டி போற அகலம்

பனவிளையில் நிலத்தை இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்த நாளில், நடுவே விட வேண்டிய வழியைப் பற்றி ஜெபகனியின் மாமனார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "வண்டி போற அகலம். பாதி அவனுக்க பக்கம், பாதி இவனுக்க பக்கம்." எத்தனை அடி என்று அவரும் சொல்லவில்லை, கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அப்போது வண்டி என்றால் மாட்டு வண்டி. சக்கரம் பதிந்த தடம் வரைக்கும் வழி, தடத்துக்கு வெளியே அவரவர் பயிர் என்று ஆகிவிட்டது.

ரோட்டோரம் இளையவன் ராஜையனின் வீடு. வழியின் உள்கோடியில் மூத்தவர் யோபுவின் வீடு. யோபுவின் மனைவிதான் ஜெபகனி. கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவரின் மகள். அட்டைக்கும் மழைக்கும் பழகிய கால்களோடு வயல்காட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். மாட்டை விற்றுவிட்டு யோபு பழைய சிவப்பு மாஸி டிராக்டர் ஒன்றைப் பிடித்து வந்தபோது, "இது பிளஸ்ஸியை விட வயசு கூடினதாக்கும்" என்று மகளைக் காட்டிச் சொல்லிச் சிரித்தாள். யோபு அதன் பின்சக்கரங்களை உள்ளே தள்ளி, இருக்கிறதிலேயே ஒடுக்கமாக மாட்டி வைத்திருந்தார். வாழை வரிசைகளுக்கு நடுவே நுழைந்து வர அதுதான் வசதி. தடம் ஐந்தடிக்குள் அடங்கியது. அந்த ஐந்தடிக்கு இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை விடாமல், ராஜையன் ஏத்தன் வாழையும் ஜெபகனி மரச்சீனிக் கிழங்கும் நட்டார்கள். வாசலில் மட்டும் ராஜையன் தன் வீட்டுச் சுவருக்கும் தடத்துக்கும் இடையே ஒரு முழ இடத்தில் ஆந்தூரியம் சட்டிகளை வரிசையாக வைத்திருந்தான்.

யோபு முற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த காலையில் ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நின்றுவிட்டது. "அந்தச் சட்டிய மாத்தி, சாஞ்சு நிக்க நாலு வாழைய வெட்டினா ரிவேர்ஸ்ல உள்ள கேறிரலாம்" என்றான் டிரைவர். ஜெபகனி தன் பக்கத்து மரச்சீனிக் கம்புகளை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் வெட்டுக்கத்தியோடு நின்ற ராஜையன் வாழையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். "குலை இன்னும் முத்தல்ல. ஆளத் தூக்கிட்டு வந்தா போதுமே, நாலு எட்டு வழிதானே" என்றான். தூக்கிக்கொண்டுதான் போனார்கள். ஸ்ட்ரெச்சரின் கால் வாழைக்கு ஊன்றிய கம்பில் இரண்டு முறை சிக்கியது. தக்கலை தாண்டும்போது யோபுவின் கை ஜெபகனியின் கைக்குள் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது அந்தக் கையில் கனம் மட்டும்தான் இருந்தது.

யோபுவை அடக்கம் செய்த பிறகு நடந்த வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு ராஜையன் ஒரு ஏத்தன் குலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். எந்த வாழையில் வெட்டிய குலை என்று அவளுக்குத் தெரியும். வாங்கி உள்ளே வைத்தாள். அவித்து, வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காப்பியோடு கொடுத்தாள். "நல்ல பழம் கேட்டியா" என்று யாரோ சொன்னதும் அவள் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு உழவுக்கு அவள் கூப்பிட்ட டிரைவர்களெல்லாம் ராஜையனோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசிவிட்டு வராமலே போனார்கள். சேலைக்கு மேல் யோபுவின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளே டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள். ஏலா என்கிற நெல்வயல் வெளியில் தன் வயலை உழுதாள். ஏலாவில் வயல் வைத்திருந்த மற்றவர்களும், கூலி குறைத்துக் கேட்கலாம் என்ற நினைப்பில் அவளைக் கூப்பிட்டார்கள், குறைக்கவில்லை என்று தெரிந்த பிறகும் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் தொடங்கினால், அடுப்பை அணைக்காமல் வந்தவளைப் போல எழுந்து வெளியே போவாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வழியால் ராஜையனுக்கு ஒன்று நஷ்டப்பட வேண்டும். அவன் வாய்விட்டு அலற வேண்டும். அந்த அலறலை அவள் நின்று கேட்க வேண்டும்.

வழி கிடைத்தது டயர் மாற்றுகிற அன்று. தக்கலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கிருஷ்ணமணி அவள் முற்றத்துக்கு வந்து பின்சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தான். நடுத்தட்டு சோற்றுத் தட்டைப் போலக் குழிந்திருந்தது.

"இந்தக் குழி உள்பக்கமா இருக்கதுக்கும் வெளிப்பக்கமா இருக்கதுக்கும் என்னவாம் வித்தியாசம்?" என்று கேட்டாள்.

"திருப்பி மாட்டினா சக்கரம் வெளிய தள்ளும், எக்கா. வளையத்தையும் போல்ட்டு மாட்டுத காது மாத்திப் போட்டா இன்னும் தள்ளும். ரெண்டு பக்கமும் முழுசா விரிச்சா வண்டி ஏழடிக்கு மேல நிக்கும். எதுக்கு கேக்கிய?"

ஜெபகனி வழியைப் பார்த்தாள். வண்டி போற அகலம். வண்டி அவளுடையது.

"இடப்பக்கத்து சக்கரத்த மட்டும் திருப்பு."

"ஒண்ண மட்டுமா? எக்கா, டயரு பல்லு பின்னோக்கிப் பாக்கும். சேறு பிடிச்சா விடாது."

"பாத்துட்டுப் போட்டும்."

ரோட்டுக்குப் போகும்போது இடப்பக்கம்தான் ராஜையனின் பக்கம். மறுநாள் காலை அவள் வண்டியை எடுத்தாள். வெளியே துருத்திய சக்கரம் வாழைக்கன்றுகளை மிதித்தது, ஆந்தூரியம் சட்டிகளை ஒவ்வொன்றாக அப்பளம் போல நொறுக்கியது. ராஜையன் காப்பி டம்ளரோடு வெளியே வந்தான். அவள் வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தாள், அவன் சத்தம் போட்டால் தெளிவாகக் கேட்கட்டும் என்று.

அவன் தடத்தைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான். "பைய போங்க மைனி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

சாயந்தரம் ஏலாவிலிருந்து திரும்பி வழிக்குள் நுழைந்த பிறகுதான், தான் செய்த மடத்தனம் அவளுக்கு உறைத்தது. போகும்போது இடப்பக்கம் ராஜையனுடையது. வரும்போது இடப்பக்கம் அவளுடையது. அதே சக்கரம் அவளுடைய மரச்சீனி வரிசையை முக்கால் நீளத்துக்கு மடக்கிப் போட்டது. அது மட்டுமில்லை, வயலிலும் திருப்பிய சக்கரத்தின் பல்லிடுக்கெல்லாம் சேறு அப்பி, வழுக்கி, வண்டி நேரே போகாமல் செக்கு போலச் சுற்றியது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

கிருஷ்ணமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எக்கா, வண்டி போனா திரும்பி வரும் இல்லியா? அதை ஆலோசிக்காண்டாமா? தடத்தப் பாருங்க, ஒரு சக்கரம் சந்தைக்குப் போவுது, மத்தது சந்தையிலருந்து வருது."

"பல்ல இளிக்காத. ரெண்டையும் விரிக்கணும். பல்லு நேரா இருக்கணும்."

"அப்பம் வலத்தே உள்ளத இடத்தயும் இடத்தே உள்ளத வலத்தயும் மாத்திப் போடணும். அப்பதான் குழி வெளிய தள்ளினாலும் பல்லு முன்னால நிக்கும். ஆனா உங்க மரச்சீனியும் போவுமே?"

"போட்டும். அவனுக்க வாழையும் போவும் இல்லியா."

அவன் ஜாக்கியை முட்டுக்கொடுத்தான். கனத்துக்காகத் தண்ணீர் நிரப்பிய டயர்களை உருட்ட ஆள் போதாமல், தக்கலையில் துணிக்கடை வேலை முடிந்து பஸ் இறங்கி வந்த பிளஸ்ஸியும் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளினாள். "இனி ஒரு ஆத்திர அவசரம்னா வண்டி நம்ம முற்றம் வரைக்கும் வரும் இல்லியாம்மா" என்றாள். ஜெபகனி அடுத்த டயரை நிமிர்த்தினாள். அவளுடைய கணக்கில் அது இல்லை.

அந்த வருடமும் அடுத்த வருடமும், கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்து உழவுக்கும் அகன்ற வண்டி போய் வந்தது. தடம் இரண்டு பக்கமும் ஓரடிக்கு மேல் தள்ளிப் பதிந்தது. ராஜையனின் ஓரத்து வாழை வரிசை முழுவதும் போனது. வாசலில் சக்கரம் அவன் வீட்டுச் சுவரை உரசாமல் உரசிக்கொண்டு போனது. ஒவ்வொரு முறையும் அவள் அவன் முகத்தைப் பார்ப்பாள். அது மழைக்காலத்துக் குளம் போல அசையாமல் இருக்கும். ஒருநாள் அவனே வெட்டுக்கத்தியோடு வந்து, மிச்சமிருந்த வாழைக் கட்டைகளைத் தோண்டி எடுத்துத் தடத்தைச் சமமாக்கிக் கொடுத்தான். பயந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். அன்று ராத்திரி வழக்கத்தைவிட ஒரு தவிக் கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு வெள்ளைக் கார் அந்த வழியில் உள்ளே வந்தது. அதுவரைக்கும் அங்கே கார் வந்ததில்லை. இறங்கியவர் வெளிநாட்டிலிருந்து வந்த குளச்சல்காரர். ராஜையன் அவருக்குத் தன் வீட்டுக்குப் பின்னால் வழியோரம் கிடந்த நிலத்தைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். கார் போனதும், யோபு செத்த பிறகு முதல்முறையாக ஜெபகனியின் முற்றத்துக்கு வந்தான்.

"நல்ல காரியம் செய்தீங்க மைனி," என்றான். பல் அத்தனையும் தெரிந்தது. "பின்னால கிடக்க நிலத்துக்கு எத்தன பேரு வந்து பாத்திருப்பாவ! வழி அஞ்சடிதான்னு எல்லாரும் திரும்பிட்டாவ. நான் உங்ககிட்ட வந்து வழி கேட்டா தருவியளா? நீங்களா பாதி விட்டீங்க. இப்பம் டிப்பர் வரும். ஜல்லி போடுத செலவு முழுக்க நான் பாத்துக்கிடுதேன். சனியாழ்ச்ச அட்வான்ஸ். நீங்களும் வந்து ஒரு காப்பி குடிக்கணும்."

அவள் கையில் மீன் அறுத்துக்கொண்டிருந்த கத்தி இருந்தது. மீனையே அறுத்தாள். அவன் போன பிறகும் அறுத்தாள். நெத்திலி போல நறுக்கிப் போட்டிருந்த சாளை மீனைப் பார்த்து, "என்னம்மா இது?" என்று பிளஸ்ஸி கேட்டபோதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

இரண்டு வருடம் தோள் வலிக்க ஓட்டியது அவனுக்கு ரோடு போட. அவன் வாயை மூடிக்கொண்டு நின்றதெல்லாம் சந்தோஷத்தில். குலை சுமந்து வந்த அன்றுகூட அவள் உடம்பு இப்படி எரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிருஷ்ணமணிக்குப் போன் அடித்தாள். "உள்ள மாத்து. இருக்கதுலயே ஒடுக்கமா."

"எக்கா, கால்வாக் கரையில ஏறும்போ சரியும். அகலமா வச்சுப் பழகின கையாக்கும்."

"சரிஞ்சா நான் விழுதேன். வாறியா, வேற ஆளப் பாக்கட்டா?"

சக்கரங்கள் மறுபடி இடம் மாறின, குழி உள்ளே போனது. மத்தியானம் ஒரு டெம்போவில் கருங்கல் தூண்கள் வந்து ரோட்டோரம் இறங்கின. ஒடுங்கிய வண்டியை அவள் வழியின் நடுவே இரண்டு முறை ஓட்டிப் புதுத்தடம் பதித்தாள். தன் பக்கத்துத் தடத்தை ஒட்டி, வாசலிலிருந்து உள்கோடி வரை, குழி தோண்டச் சொன்னாள்.

பிளஸ்ஸி கடைக்குப் போகாமல் நின்றுவிட்டாள். "அம்மா, கிறுக்கு பிடிச்சிருக்கா? அன்னைக்கு இந்த வழி இல்லாமத்தானே அப்பா... இப்பம் நீயே அடைக்கியா?"

"எனக்க பாதிய நான் எடுக்கேன்."

"நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா? எனக்கு ஒண்ணுன்னா?"

ஜெபகனி குழி தோண்டுகிறவரிடம், "இன்னும் ஆழமா. அசைச்சா அசையப்பிடாது" என்றாள்.

முதல் தூணை ராஜையனின் வாசலுக்கு நேரே நட்டார்கள். ஒரு பக்கம் தூண், மறுபக்கம் அவன் வீட்டுச் சுவர். டிப்பர் வர வேண்டுமானால் அவன் அந்தச் சுவரை இடிக்க வேண்டும். அந்தச் சுவரின்மேல்தான் வீட்டு முகப்பு நிற்கிறது. நான்காவது தூண் நிற்கும்போது அவன் லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தான்.

"மைனி, என்ன செய்யுதிய? நாளைக்கு ஆளு வருவாவ. நாளைக்கு!"

"வரட்டும். வண்டி போற அகலம் வழி. எனக்க வண்டி ஒடுங்கிப் போச்சு."

அவன் தூணைப் பிடித்து ஆட்டினான். அது அசையவில்லை. "நாசமா போவ! மனுஷியா நீ? எனக்க மோளுக்க கல்யாணம் இந்த நிலத்த நம்பியாக்கும் நிக்குது! நாலு வாழைய வெட்டியிருந்தா மட்டும் அவன் பிழைச்சிருப்பானா? சொல்லு, பிழைச்சிருப்பானா?"

ரோட்டில் போன சைக்கிள்கள் நின்றன. இரண்டு வருடமாக அவள் கேட்கக் காத்திருந்தது இதைத்தான். அவன் குரல் கீச்சென்று ஏறி உடைந்தது. ஜெபகனி எல்லாவற்றையும் நின்று கேட்டாள்.

"தெரியாது," என்றாள். "பிழைச்சிருக்க மாட்டாருன்னே இருக்கட்டும். அப்பமும் நான் கல்லு நட்டிருப்பேன்."

அவன் மேலும் கத்தினான். பிறகு சுவரோரம் குத்த வைத்து உட்கார்ந்தான். தூண்கள் உள்கோடி வரைக்கும் நட்டு முடிந்தன. சனிக்கிழமை வெள்ளைக் கார் வாசலில் நின்றது, குளச்சல்காரர் இறங்கி நடந்து போய்ப் பார்த்தார், டிப்பர் எப்படி வரும் என்று கேட்டார், காப்பி குடிக்காமல் திரும்பிப் போனார்.

பிளஸ்ஸி ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைப்பாள். அடுத்த சம்பளத்தில், பஸ்ஸில் வராமல் ஒரு ஆட்டோவில் வந்து ரோட்டில் இறங்கினாள். சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றை, யாரோ உபயோகித்துவிட்டு விற்றதை, தூண்களுக்கும் வாழை நின்ற ஓரத்துக்கும் நடுவே கடகடவென்று உருட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்து டிராக்டர் ஷெட்டில் நிறுத்தினாள்.

"இது உனக்கு," என்றாள். "ஆம்புலன்ஸ் வராதில்லியா. நான் ஒத்தையில உன்னை எப்படி ரோட்டுக்குக் கொண்டு போவேன்?"

ஜெபகனி அதைச் சுற்றி வந்தாள். குனிந்து அதன் இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் நடுவே ஒரு சாணும் இன்னொரு சாணும் வைத்து அளந்தாள். கைப்பிடியை அசைத்துவிட்டு, தூண் ஓரத்து வழியையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, ஈரமாக இருந்த நல்லமிளகுச் சாக்கை அதன்மேல் விரித்து வெயில் படும்படி வெளியே தள்ளினாள்.

"போவும்," என்றாள்.