எழுபதைத் தாண்டினால் ஆடும் ஸ்டியரிங்

என் கணவருக்கு வலது கால் முறிந்து கம்பி வைத்த பிறகுதான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இனி பிரேக்கை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் எங்கள் உப்பளத்துக்கும், வெள்ளிக்கிழமைகளில் பிசியோதெரபிக்காகப் பாண்டிக்கும் அவரை அழைத்துப் போக ஆள் வேண்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவள், "நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் அந்தக் கூச்சம் எங்கேயோ போய்விடும்.

தை மாதத்தில் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எழுபதைத் தாண்டியதும் உள்ளங்கையில் ஒரு நடுக்கம்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது. உன் கைதான் நடுங்குது. லாரியப் பாத்தாலே பயப்படுற" என்றார் அவர்.

இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரமும் ஆடியது. வீட்டுக்கு வந்ததும் அவர் தெரிந்த டிரைவர் ஒருவருக்குப் போன் போட்டு, வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவே இல்லை. பயம் என்றால் அறுபதில் ஏன் இல்லை? தொண்ணூறுக்குப் போனால் ஏன் குறைகிறது? பயம் அப்படி வேகம் பார்த்தா வரும்?

மறுநாள் விடிந்ததும் தனியாக வண்டியை எடுத்தேன். சாலை காலியாக இருந்தது; பயப்பட எதுவுமே இல்லை. எழுபதில் ஆடியது. இறுக்கிப் பிடித்தேன், ஆடியது. விரல் நுனிகளால் மட்டும் தொட்டுக்கொண்டேன், அப்போதும் ஆடியது. மெதுவாக பிரேக்கை அழுத்தினேன், ஆட்டம் கூடவில்லை. சீட்டில் அதிர்வே இல்லை, ஸ்டியரிங்கில் மட்டும்தான். ஒருவருக்குக் கை நடுங்கினால் இப்படியா நடுங்கும் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

வியாழக்கிழமை கூனிமேட்டில் டயர் கடை வைத்திருக்கும் பாயிடம் போனோம். என் கணவரும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தார்.

"என்ன அண்ணே, அலைன்மென்ட்டா?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல பாய். இவங்களுக்குத்தான் கை நடுக்கம்."

"அதுக்கு நம்மகிட்ட மிஷின் இல்லியே அண்ணே!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ஒருதரம் ஓட்டிப் பாருங்களேன் பாய்" என்றேன்.

பாய் ஓட்டினார். என் கணவர் பக்கத்தில், நான் பின்னால். முள் எழுபதைத் தொட்டது. பாய் ஸ்டியரிங்கைக் குனிந்து பார்த்தார்.

"அட, எனக்கும் பயம் வந்துடுச்சு அண்ணே!"

என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பிரேக்குல கூடல, ஒரு பக்கமா இழுக்கவும் இல்ல. முன் சக்கரமாத்தான் இருக்கும்" என்ற பாய், கடைக்கு வந்ததும் இடப்பக்க முன் சக்கரத்தைக் கழற்றி பேலன்சிங் மிஷினில் மாட்டிச் சுற்றவிட்டார். "ஒரு பக்கம் கனம் கூடுதலா இருக்குது, மறுபக்கம் இவ்ளோ வெயிட்டு ஒட்டச் சொல்லுது மிஷின். எந்த வண்டியும் இவ்ளோ கேக்காதேக்கா" என்று தலையைச் சொறிந்தார்.

நான் கிட்டே போய் சக்கரத்தின் உள்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். வளையத்தில் ஒரே இடத்தில் கறுப்பாக ஒரு கட்டி. நகத்தால் சுரண்டினேன். பெயரவில்லை.

"இன்னாக்கா அது, சிமெண்டா?"

சிமெண்ட் இல்லை, எங்கள் அளத்துக் களிமண். மழை முடிந்ததும் பாத்திகளுக்குப் புதுக்களி போட்டு, காலால் மிதித்துச் சமன் செய்வோம். அந்த நாட்களில் வரப்பெல்லாம் ஈரக்களிதான். வண்டியைத் திருப்பும்போது இடப்பக்கச் சக்கரம் வரப்பு ஓரத்தில் இறங்கித்தான் ஏறும். உப்பு பட்டால் வண்டி துருப்பிடிக்கும் என்று நான் தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன், வெளிப்பக்கம் மட்டும். உள்பக்கம் அப்பிய களி, வண்டி நிற்கும்போது வழிந்து அடியில் சேர்ந்து, அப்படியே காய்ந்திருக்கிறது. பளபளவென்று இருந்த சக்கரத்தின் உள்ளே யார் பார்ப்பார்கள்?

பாய் ஸ்குரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டினார். நாலைந்து தட்டுக்கு அப்புறம்தான் கட்டி பெயர்ந்து விழுந்தது. என் கணவர் அதில் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல களி பாய் இது. சொட்டு தண்ணி விடாது" என்றார், விற்க வந்தவர் மாதிரி.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். எழுபது, எழுபத்தைந்து, எண்பது. ஸ்டியரிங் அசையவில்லை. அவர் கையை நீட்டி அதன் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு நீ வர வேணாம்பா... இல்ல இல்ல, பஸ்ல போகல. ஓட்டறதுக்கு வீட்லயே ஆள் இருக்குது."