பேய் திறக்க வேண்டிய கதவு

முதல் காட்சியில் ஒரு கதவு தானாகத் திறக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கும் என் சிநேகிதனுக்கும் பதினோரு நாள் ஆனது. இத்தனைக்கும் அவன் காலேஜில் இரண்டாம் வருஷம். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போய், இரண்டு தடவை முட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பியவன். இரண்டு மூளையையும் கூட்டினால் ஒன்றரையாவது வர வேண்டும். எங்களுக்கு அரைக்கு மேல் தாண்டவில்லை.

காமிரா அவனுடைய அம்மானுடையது. அவர்கள் வீட்டில் தாய்மாமனை அம்மான் என்றுதான் சொல்வார்கள். ஒரு கல்யாணத்துக்காகப் பினாங்கிலிருந்து வந்து இரண்டு மாதம் தங்கியிருந்தார். வரும்போது கையடக்கமாக ஒரு எட்டு மில்லிமீட்டர் காமிராவும், அதில் பிடித்ததைத் துணியில் காட்டுகிற ப்ரொஜெக்டரும் கொண்டுவந்திருந்தார். கல்யாணத்தைப் பிடித்தது போக ஒரே ஒரு ரீல் மிச்சம் இருந்தது. மூன்று நிமிஷம் ஓடும்.

காலேஜ் விழாவில் எல்லாரும் நாடகம் போடுவார்கள், நாம் படமே காட்டிவிடலாம் என்று சிநேகிதனுக்கு ஆசை. நாற்பது பக்க நோட்டு நிறையக் கதை எழுதி வைத்திருந்தான். பூட்டிக் கிடக்கிற வீடு, உள்ளே ஒரு பேய், அதைத் தேடிப் போகிற ஒருத்தன். நாற்பது பக்கத்தில் முப்பத்தெட்டுப் பக்கம் அந்த ஒருத்தன் பயப்படுவதுதான். யார் அவன் என்று கேட்டேன். "நான்தான்" என்றான். நடிக்க வேண்டிய அவசியமே இருக்காது என்று ஒப்புக்கொண்டேன்.

அம்மான் நோட்டைக் கையில் வாங்கவே இல்லை.

"கதையெல்லாம் வேண்டாம்டா. ஒத்த ரீலு தாரேன். மொதக் காட்சிய மட்டும் எடுத்துக் காட்டு. அதப் பாத்து எனக்கு மேலெல்லாம் புல்லரிக்கணும். அரிச்சா காமிரா, ப்ரொஜெக்டரு எல்லாம் ஒனக்கு. இல்லேன்னா ரெண்டும் என்கூடக் கப்பலேறிடும்."

"எத்தன முடி எந்திரிச்சு நிக்கணும்னு சொல்லிடுங்க ஐயா, அளவு பாத்து எடுத்துடுறோம்" என்றேன்.

"இந்த உளிக்காரப் பயல எங்குட்டுப் புடிச்சே?" என்று அவனைக் கேட்டார். எங்கள் வீட்டில் தச்சு வேலை. அவர் என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

காலேஜ் விழாவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்குக் காமிரா வேண்டும். அது எங்கள் கைக்கு வந்ததிலிருந்து பையைத் தோளில் மாட்டுவது நான்தான். உளிப்பையோடு தெருவில் போனால் "எங்கடா போறே?" என்று கேட்கிற அதே வாய், காமிராப் பையைப் பார்த்ததும் "எங்க தம்பி போறீக?" என்று கேட்டது. பையில் பாதி நாள் காமிராவே இருக்காது, என் மதியச் சோறுதான் இருக்கும். ஆனாலும் அந்த "போறீக"வை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆகவே திட்டம் போட்டோம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் கட்டம் கட்டமாக வரைந்தேன். தச்சன் மகன் என்பதால் கட்டங்கள் மட்டும் நேராக வந்தன. உள்ளே இருந்த பேய், அலமாரிக்குக் கால் முளைத்தது போல இருந்தது.

முதல் கட்டத்தில் கதவு. அதன் மேல் பெரிய எழுத்தில் "கிறீ...ச்" என்று எழுதினேன். அந்தச் சத்தத்துக்கு மட்டும் இரண்டு நாள் சண்டை. காய்ந்த கீலா, ஈரக் கீலா? செக்கு சுற்றுகிற சத்தமா, கிணற்று ராட்டினச் சத்தமா? நான் வாயாலேயே விதவிதமாகக் கிறீச்சிட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது அம்மான் அந்தப் பக்கம் வந்தார்.

"என்னடா, பல்லு வலிக்குதா?"

"கதவுச் சத்தம் ஐயா. படத்துக்கு."

"இந்தக் காமிரா ஊமைடா. சத்தமே வராது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போனார்.

எழுதியிருந்த "கிறீ...ச்"சை அழித்தேன். பதினோரு நாளில் இரண்டு அப்படிப் போயிற்று.

அடுத்த தகராறு வெளிச்சம். அந்த ரீலுக்கு நல்ல வெயில் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் விழாது என்று அம்மான் சொல்லியிருந்தார். சிநேகிதன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பட்டப்பகல்ல ஏதுடா பேயி?"

"உச்சிப்பொழுதுல முனி நடக்கும்னு ஒங்க காலேஜ்ல சொல்லித் தரலையா? ராத்திரிப் பேயெல்லாம் பழசு. மத்தியானப் பேயின்னா சனம் மிரண்டுடும்" என்றேன். எனக்கே அது நன்றாக இருந்தது. அந்த வாரம் முழுக்க நான் சொன்னதில் நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

வீடு பிரச்சினையில்லை. கண்டனூரில் அவர்கள் பூர்வீக வீடு இருந்தது. ஏழு பங்காளிகளுக்குப் பொது. கல்யாணம், திருவிழா என்றால் திறப்பார்கள். மற்ற நாளில் ஒரு அக்கா மட்டும் வந்து கூட்டிப் பெருக்கி விளக்கேற்றிவிட்டுப் போவார். அந்த ஊர்க் குடியானவ வீட்டுப் பெண். சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும்.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முகப்பு, தூண்கள் சூழ்ந்த முற்றமான வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். வாசல்கள் எல்லாம் நூல் பிடித்தது போல ஒரே நேரில் இருக்கும். ஐந்து கதவையும் திறந்துவிட்டால், முன்வாசலில் நிற்கிறவனுக்குப் பின்தெருவில் மாடு போவது தெரியும். இதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்குத்தான் அதிசயம்.

கதவு பர்மாத் தேக்கு. ஒரு கதவைத் தள்ளவே ஒரு ஆள் உடம்பு வேண்டும். காற்றுக்கெல்லாம் அசையாது. பின்னால் ஒளிந்து நின்று இழுக்கலாம் என்றால், திறக்கிற கதவோடு சேர்ந்து ஆளும் வெளிச்சத்துக்கு வந்துவிடுவான். இதை எப்படித் தீர்ப்பது என்று சிநேகிதன் மூன்று நாள் யோசித்தான். நான் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்த்தேன். அந்தப் பெருமையில் இன்னொரு டீயும் குடித்தேன்.

"ரெண்டு கதவு வளையத்துலயும் கயித்தக் கட்டு. கயித்த நேரா உள்ளாற விடு. வளவு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு, எல்லாத்தையும் தாண்டிப் பின்தெருவுக்கே கொண்டு போயிடு. அங்கன நின்னு இழுக்கட்டும். இருநூறடி தூரத்துல நிக்கிறவன் காமிராவுல எப்புட்றா விழுவான்?"

அவன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "நீ மட்டும் படிச்சிருந்தேன்னா..." என்றான். படிக்காததே நல்லதாயிற்று என்று பிறகு தெரிந்தது. இன்னும் பெரிதாக ஏதாவது செய்திருப்பேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னோம்.

"முன்கதவும் பின்கதவும் ஒண்ணாத் தெறந்து போட்டா லெச்சுமி எப்புடித் தம்பி வீட்ல தங்குவா?" என்று சிநேகிதனைக் கேட்டார். என்னைப் பார்த்து, "இதெல்லாம் ஒன் வேலையாத்தான்டா இருக்கும்" என்றார்.

"அஞ்சே நிமிசம்க்கா. லெச்சுமிக்கு வேணும்னா ஒரு சீன் போட்டுடுவோம்."

"வாயில போட்டேன்னா தெரியும். சரி, இழுக்க ஆளு இருக்கா?"

இரண்டு பேர் இருந்தார்கள், எங்கள் கூட்டாளிகள். ஒத்திகையில் இரண்டு பேரும் முக்கி முனகி இழுத்தும் கதவு அரை அங்குலம் நகரவில்லை.

"அவுகளாலயெல்லாம் ஆகாது தம்பி. ஆள நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா.

மறுநாள் உச்சிவெயில். முன்வாசலில் காமிராவை ஒரு முக்காலியில் வைத்துச் சிநேகிதன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருந்தான். நான் பக்கத்தில் விசிலோடு நின்றேன். திட்டம் இது: விசில் அடித்ததும் கதவு மெள்ளத் திறக்கும். திறந்த பிறகு காமிராவை அசைக்காமல் பத்து எண்ண வேண்டும். அந்தப் பத்து எண்ணிக்கையில்தான், உள்ளே யாருமே இல்லை என்று தெரிந்து பார்க்கிறவனுக்கு வயிறு கலங்க வேண்டும்.

விசில் அடித்தேன். கதவு ஒரு கணம் யோசித்தது. பிறகு இரண்டு பக்கமும் படாரென்று திறந்தது.

மெள்ளத் திறக்கவில்லைதான். ஆனால் தானாகத் திறந்தது! எனக்கே ஒரு கணம் புல்லரித்தது. உள்ளே இருட்டாக நீண்டு கிடந்தது வீடு. நான் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணினேன். சிநேகிதன் அசையவே இல்லை.

"விழுந்துச்சா?" என்றேன்.

"அப்புடியே விழுந்துச்சுடா" என்றான்.

மீதி ரீலில் அவன் பயந்து ஓடுவதை நான் பிடித்தேன். பேயைக் கண்டு ஓடுகிறவன் போல இல்லை, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் போல ஓடினான். கதவுக் காட்சி இருக்கும்போது இது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ரீலைக் கழுவப் பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் காமிராவை நான் என் சொத்தாகவே வைத்துத் துடைத்தேன். அரியக்குடியில் இருக்கிற சொந்தக்காரர்களிடம், அடுத்த கல்யாணத்துக்கு வந்து படம் பிடித்துத் தருவதாக வாக்குக்கூடக் கொடுத்துவிட்டேன்.

ரீல் வந்த அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டு வளவில் நாலு முழ வேட்டியை இழுத்துக் கட்டினார்கள். அம்மான் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "புல்லரிக்குதான்னு பாக்கணும்ல" என்று கையை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டார். வீட்டு ஆச்சிமார் எல்லாம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். சிநேகிதன் ப்ரொஜெக்டரை முடுக்கினான்.

மூடின கதவு வந்தது. வேலைப்பாடெல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. கதவு படாரென்று திறந்தது. ஒரு ஆச்சி "முருகா!" என்றார். நான் அம்மானின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேட்டி முழுக்க இருட்டு. அந்த இருட்டுக்கு நட்ட நடுவில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெளிச்சச் சதுரம். அந்தச் சதுரத்துக்குள் பின்தெரு. பின்தெருவில் இருபது பேர்.

அவ்வளவு தெளிவாக இருந்தது. இருட்டு வீட்டுக்குள் ஒரு குட்டி டூரிங் டாக்கீஸ் நடக்கிற மாதிரி. அக்கா ஆள் சேர்த்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் நாலு பேர் ஒரு கயிற்றைப் பிடித்து நின்றால், ஐந்தாவது ஆள் எதற்கென்று கேட்காமல் தேர் வடம் போலத் தொட்டு இழுப்பான். அரிசி மில் ஆட்கள், ஒரு வண்டிக்காரர், தலையில் துணி மூட்டையோடு ஒருத்தி, எல்லாரும் இழுத்திருக்கிறார்கள். கதவு சட்டென்று விட்டுக்கொடுத்ததும் அத்தனை பேரும் மல்லாந்து விழுந்தார்கள். நான் நிதானமாகப் பத்து எண்ணினேன் இல்லையா? அந்தப் பத்தும் ஓடியது. நாலில் எழுந்தார்கள். ஆறில் மண்ணைத் தட்டினார்கள். எட்டில் அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, "போதுமா?" என்று கையை ஆட்டிக் கேட்டார்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் இதே காட்சியை எதிரே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கண்ணில் படாமல் இல்லை. வாசலில் நின்றால் பின்தெரு தெரியும், பின்தெருவில் சனம் தெரியும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். தன் மூக்கு நுனியை யார் பார்க்கிறான்? வெளியூர்க்காரன் ஒருத்தன் பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பான்.

அம்மான் முதலில் குலுங்கினார். பிறகு நாற்காலி குலுங்கியது. "திரும்பப் போடுறா! திரும்பப் போடுறா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நாலு தடவை போட்டோம். நாலாவது தடவை ஆச்சிமார் விழுகிறவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டுகொண்டிருந்தார்கள்.

விளக்கைப் போட்டதும் நான் துணிந்து கேட்டேன்.

"ஐயா, புல்லு..."

கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாரு. வழவழன்னு கெடக்கு. வயிறுதான்டா நோவுது."

"ஆனாலும் ரசிச்சீகல்ல?"

"ரசிச்சேன். அதுக்காகச் சொன்ன சொல்ல மாத்த முடியுமாடா, உளிக்காரா? காமிரா என்கூடத்தான் வருது." கொஞ்சம் யோசித்தார். "அந்த ரீலையும் எடுத்து வைங்க. அங்க பிள்ளைகளுக்குக் காட்டணும்."

ஆக அதுவும் போயிற்று. காலேஜ் விழாவில் சிநேகிதன் மேடைத் திரையை இழுத்தான். சரியாக இழுத்தான் என்று கேள்வி.

அம்மான் கிளம்பிய அன்று காரைக்குடி ஸ்டேஷனுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். காமிராப் பையை நான்தான் கடைசி வரை தூக்கி வந்தேன். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் கையை நீட்டினார். தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். "மூடியத் தொடச்சு வச்சிருக்கேன் ஐயா" என்றேன். "நல்லதுடா" என்றார். இந்தத் தடவை உளிக்காரா என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது.

ரயில் போன பிறகும் சிநேகிதன் பிளாட்பாரத்திலேயே நின்றான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே ஒரு பொம்பளை ஒரு கிடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கிடா யாரோ வைத்திருந்த வாழைத்தார் பக்கம் இழுத்தது. அவள் நேருக்கு நேர் இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. கயிற்றைப் பக்கத்திலிருந்த தூணில் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒதுங்கி நின்று பக்கவாட்டில் இழுத்தாள். கிடா தரதரவென்று வந்துவிட்டது. கிடாவுக்கு எதிரே நின்று பார்த்தால் தூண்தான் தெரியும், அவள் தெரியவே மாட்டாள்.

கண்டனூர் வீட்டு வளவில் மட்டும் இருபது தூண். கயிற்றை ஒரு தூணில் திருப்பிவிட்டு, பக்கத்து அறைக்குள் நாலு பேரை நிறுத்தி, பின்கதவையும் சாத்தியிருந்தால்... தூணும் கதவும் செய்கிற வீட்டில் பிறந்தவன் நான்.

"என்னடா முழிக்கிறே?" என்றான் சிநேகிதன்.

சொன்னால் அடுத்த ரயில் வருகிற வரைக்கும் என்னைத் தண்டவாளத்தில் பிடித்து வைத்திருப்பான்.

"நல்ல ஆடு" என்றேன்.