உப்பளத்து அடிமையும் மூன்றாம் பாடவேளையும்

கவிதையை எழுதுகிறவருக்கு வலி ஒரு தடவைதான். அதற்குப் பொருள் சொல்லிப் பிழைக்கிறவர்களுக்கு ஒவ்வொரு செமஸ்டரும். குடவாசல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். "கவிஞர் இங்கே என்ன சொல்ல வருகிறார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டிப்போன என் சக துன்பவாசிகளே, இதெல்லாம் உங்களுக்குத்தான் புரியும்.

மூன்றாம் பாடவேளையில் நான் நடத்தும் பாடத்தில் ஒரு மொழிபெயர்ப்புக் கவிதை உண்டு. எங்கோ கடல் தாண்டிய தேசத்தில், உப்பளத்து அடிமை ஒருவனை எசமான் சவுக்கால் அடித்துக் கொட்டடியில் பூட்டுகிறான். காலையில் கதவைத் திறந்தால் உடம்பு மட்டும் கிடக்கிறது. ஆன்மா கூரையிலிருந்த ஓட்டை வழியாகப் போய்க் கடலோடு கலந்துவிட்டது. கவிதை இவ்வளவுதான். அதனால் நான் பட்ட பாடு கீழே.

மார்க்குக்கு உரிய விடுதலை

"உடம்பைத்தான் பூட்டலாம், ஆன்மாவைப் பூட்ட முடியாது" என்று முதல் வகுப்பிலேயே குரல் தழுதழுக்க நடத்தினேன். எனக்கே கண் கலங்கிவிட்டது. பக்கத்து வயலில் சம்பாவுக்கு உழுதுகொண்டிருந்த டிராக்டர்கூட மரியாதைக்குக் கொஞ்சம் நின்றது போலிருந்தது. கடைசிப் பெஞ்சில் ஒருவன் கையைத் தூக்கினான். உருகிவிட்டான் என்று நினைத்து, "சொல்லுப்பா" என்றேன்.

"மேடம், 'செத்துப்போயிட்டான்'னு ஒரே வரியில எழுதினா மார்க் போடுவாங்களா?"

கேட்டுக்குள்ளே ஆன்மா

எங்கள் கல்லூரியில் காலை மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். காய்ச்சல் என்றாலும் வீட்டிலிருந்து ஆள் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் பிள்ளையை மீட்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், முதல்வர் ஒரு நாள் என் வகுப்பைப் பார்வையிட வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

விட்டேனா? விடுதலையை வானத்துக்கும் மேலே கொண்டுபோனேன். முதல்வர் தலையாட்டி ரசித்தார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகச் சுற்றுச்சுவரின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்ததையும் அவர் பார்த்திருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் என்னை ஓரமாக அழைத்தார்.

"பிரமாதமா நடத்துறீங்க மேடம். ஆனா அந்தக் கூரை ஓட்டையை மட்டும் ரொம்ப விவரிக்காதீங்க."

பன்னீர்ச் செம்பு

எங்கள் தாளாளருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை. 'விருப்பமுள்ளவர்கள் கலந்துகொள்ளலாம்' என்று சுற்றறிக்கை வந்தது. எல்லோரும் விருப்பப்பட்டே ஆக வேண்டும் என்று முதல்வர் வாயால் சொன்னார். பெண்களுக்கெல்லாம் ஒரே நிறப் புடவை. கல்லூரிப் பேருந்தில் அள்ளிப் போட்டுக் கொண்டுபோனார்கள்.

ஆங்கிலத் துறை ஸ்டெல்லா ஞாயிறு பூசையை விட்டுவிட்டு வந்திருந்தார். எங்கள் இருவரையும் மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தினார்கள். வருகிறவர்களிடமெல்லாம் முதல்வர் என்னைக் காட்டி, "மேடம் ஆன்மாவைப் பத்திப் பேசினா அழுதுடுவீங்க" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். கால் கடுத்துப்போய் ஸ்டெல்லா செம்பைக் கை மாற்றிக்கொண்டு என் காதோரம் சொன்னார்:

"உடம்புதான் மேடம் இங்க பன்னீர் தெளிக்குது. ஆன்மா சர்ச்சுல முழங்கால் போட்டிருக்கு."

இந்த ஊரிலும் ஒரு முதுகு

கல்லூரிக் கருத்தரங்கில் இந்தக் கவிதையைப் பற்றிக் கட்டுரை வாசிக்க வெண்ணிலா என்ற மாணவி பெயர் கொடுத்தாள். அடிமைத்தனம் கடல் தாண்டிய சங்கதி இல்லை, நம் கல்லூரிக்குப் பக்கத்து இதே நெல்வயலில் என் தாத்தா பண்ணையாளாக இருந்து சவுக்கடி வாங்கினார் என்று எழுதியிருந்தாள். ஆன்மா தப்பித்துவிட்டது என்று சொல்வது அடித்தவனுக்குத்தான் நிம்மதி என்றும் எழுதியிருந்தாள். நான் வருஷக் கணக்காகக் கண் கலங்கி நடத்தியதற்கு நேர் எதிர். படித்ததும் சுருக்கென்றது. ஆனால் மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

சேதி முதல்வருக்குப் போயிற்று. அந்த வயல்களின் பழைய சொந்தக்காரர்கள் தாளாளருக்கு நெருங்கிய உறவு. பெற்றோரை அழைத்துவரச் சொல்லி வெண்ணிலாவுக்கு உத்தரவு. எனக்கு ஒரு சலுகை: "உங்களுக்குத் தெரியாம எழுதிட்டான்னு சொல்லிடுங்க மேடம், உங்களுக்கு ஒண்ணும் வராது."

வெண்ணிலாவின் அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸ். டியூட்டி முடிந்து யூனிஃபாரத்தோடு நேராக வந்தார். முதல்வர் உட்காரச் சொல்லவில்லை. அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆன்மிகக் கவிதையில உங்க பொண்ணு தேவையில்லாம ஊர்ப் பழங்கதையை இழுக்குதுங்க. மேடத்துக்கே தெரியாது" என்று சொல்லி முதல்வர் என்னைப் பார்த்தார். என்னுடையது வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. புதுப்பிக்கிற பேனா அவர் சட்டைப்பையில் இருந்தது. வெண்ணிலா தலையைத் தூக்காமல் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நான் படிச்சுத் திருத்திக் கொடுத்ததுதான் சார். வாசிக்கட்டும்" என்றேன். பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

முதல்வர் என்னை விட்டுவிட்டு அந்த அம்மாவிடம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா. ஆன்மாவுக்கு ஏதும்மா அடியும் காயமும்?" வெண்ணிலாவின் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"மாமனார் கடைசிக் காலத்துல படுக்கையில கிடந்தப்ப முதுகுத் தழும்புக்கு எண்ணெய் தடவினவ நான் சார். ஆன்மாவுல தழும்பு இருந்துச்சான்னு அவரும் சொல்லல, நானும் பார்க்கல."

ஒரு விடைத்தாள்

முதல்வர் அதற்குமேல் தடுக்கவில்லை. கருத்தரங்கில் வெண்ணிலா வாசித்தாள். பின்வரிசையில் கிளம்பிய கைதட்டல், தாளாளர் உட்கார்ந்திருந்த முன்வரிசையை நெருங்கும் முன்னே அடங்கிவிட்டது. அவள் அம்மா மட்டும், மகள் மேடையை விட்டு இறங்கி வந்து பக்கத்தில் உட்காரும்வரை தட்டிக்கொண்டிருந்தார்.

என் வேலை போகவில்லை. கவிதைதான் போயிற்று, என்னை இலக்கணத்துக்கு மாற்றினார்கள். அதற்குமுன் கடைசியாக அந்தக் கவிதையின் விடைத்தாள்கள் திருத்த வந்தன. 'அடிமை இறந்ததால் அவனுக்கு எசமானிடமிருந்து நிரந்தர விடுமுறை கிடைத்தது' என்று ஒருவன் எழுதியிருந்தான். விடுதலையை விடுமுறையாக்கிவிட்டானே என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன். பக்கத்து மேசை ஸ்டெல்லா எட்டிப் பார்த்துத் தடுத்தார்.

"மார்க் போட்டு விடுங்க மேடம். நம்ம காலேஜைப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான்."

ஆக, அடிமை விடுதலைக்குப் பொருள் சொல்வதற்கும் ஒருவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட நான், வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதை இப்போது முழுச் சுதந்திரத்தோடு நடத்தி வருகிறேன்.