ஐஸ்கட்டிக்கு ஏறிய பிரஷர்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு வைத்த பெயர் ஐஸ்கட்டி. பதினோரு வருடமாக, ஓட்டிப் பழகுகிறவர்களின் பக்கத்து இருக்கையில், காலடியில் ஒரு உபரி பிரேக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு அம்மாள் காரைப் பூந்தொட்டிக் கடைக்குள் விட்டபோதுகூட, "சரி, இப்ப ரிவர்ஸ் போடுங்க" என்றுதான் சொன்னாள். அவளுக்கும் சேர்த்துக் கடைக்காரர் கத்தினார்.

அப்பேர்ப்பட்டவளுக்குக் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் நூற்று ஐம்பதுக்கு நூறு என்றது பிரஷர் மெஷின். நர்ஸ் அதை நம்பாமல் வேறு மெஷின் கொண்டுவந்தாள். அது இன்னும் இரண்டு கூட்டிச் சொன்னது.

வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. கணவர் தையல்காரர். நூல் அறுந்தால் நூலில் ஆரம்பித்து அதைக் கண்டுபிடித்தவன் வரைக்கும் திட்டுகிற மனிதர். தனக்கு வரவேண்டிய பிரஷர் விலாசம் மாறிப் போய்விட்டதாக அவரே நம்பினார். அவருடைய அக்காவோ தீர்ப்பையே சொல்லிவிட்டாள்.

"எல்லாத்தையும் உள்ள போட்டுப் பூட்டி வெச்சிருக்கா. வெளிய கொட்டினா இறங்கிடும். என்னைத் திட்டிப் பாரேன். மனசுல எவ்வளவோ இருக்குமே."

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "மழைக்கு வாங்கிட்டுப் போன குடையை நீங்க இன்னும் திருப்பித் தரல அண்ணி" என்றாள், விண்ணப்பத்தில் விட்டுப்போன கையெழுத்தைச் சொல்கிற குரலில். அக்கா இரண்டு நாள் பேசவில்லை. பிரஷர் அசையவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கணவர் இந்த ஆராய்ச்சியை டாக்டரம்மாவிடம் எடுத்துவைத்தார்.

"கோபத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. ரத்தக்குழாயை இறுக்கற ஹார்மோன் கர்ப்பத்துல எல்லாருக்குமே கூடும். மத்தவங்க குழாய் அதைக் காதுலயே போட்டுக்காது. இவங்க குழாய் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டி இறுகுது. போதாததுக்கு, குழாயைச் சுருக்கற நரம்புங்க ஓவர்டைம் பாக்குது. எல்லாம் நச்சுக்கொடியில கிளம்பின வினை."

கையோடு அவருக்கும் அளந்தார். நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. தையல்காரருக்கு அவமானமாகப் போய்விட்டது.

மாத்திரை கொடுத்து, தலைவலி, கண்ணில் மின்னல், வலது விலாவுக்குக் கீழே வலி, இதில் ஒன்று வந்தாலும் அடுத்தது வலிப்பாக இருக்கலாம், உடனே வரவேண்டும் என்றார்கள். லீவும் போடச் சொன்னார்கள். திங்கட்கிழமையிலிருந்து போடுகிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை வகுப்பு ரொட்டிக்கடைக்காரருக்கு. ஒன்பது மாதமாக இரண்டாவது கியரைத் தாண்டாதவர். எழுந்ததிலிருந்தே அவளுக்கு மண்டையைத் திருகுகிற வலி. சிக்னலைக் கடந்ததும் கண்ணோரம் பொறி பறந்தது.

"சார், ஆஸ்பத்திரிக்கு விடுங்க. எனக்குத்தான்."

"ஓட்டத் தெரிஞ்ச யாரையாவது கூப்பிடட்டுமா மேடம்?"

"ரெண்டு திருப்பம்தான். நீங்களே ஓட்டுங்க. மூணாவது போடுங்க."

அவர் போட்டார். அவள் உபரி பிரேக்கிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள். வலிப்பு வந்தால் கால் தானாக அழுத்திவிடுமே என்ற பயம். கார் அவசரப் பிரிவின் வாசலை மறித்துக் குறுக்கே நின்று, இன்ஜின் அணைந்தது. "ஹேண்ட் பிரேக்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு. வலிப்பு வராமலிருக்க ஏற்றிய மருந்தில் உடம்பெல்லாம் தீயாகக் காந்தியது. பிரஷர் பார்க்கக் கையில் கட்டிய பட்டை அடிக்கொரு தரம் இறுகித் தளர்ந்தது. அவள் பயந்துபோயிருந்தாள். அவள் முகத்துக்கு அதைக் காட்டத் தெரியாததால் யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் அவளே நர்ஸிடம், "பயமா இருக்கு, கொஞ்சம் கையைப் பிடிச்சுக்கறீங்களா?" என்று கேட்டாள். நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

மாலையில் ஆபரேஷன். ஆறு வாரம் முந்திக்கொண்டு, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பெண் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டியின் முன்னால் தையல்காரர் கண்ணாலேயே சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டு நின்றார்.

குழந்தை பிறந்ததும் பிரஷர் ஓடிப்போகவில்லை. மூன்றாம் நாள் மறுபடி ஏறி, ஆறு வாரம் மாத்திரை தின்ன வைத்துவிட்டுத்தான் இறங்கியது.

"இது வந்தவங்களுக்கு வயசான பிறகு பிரஷரும் இருதயக் கோளாறும் வர வாய்ப்பு கூட. வருஷா வருஷம் வந்து பாத்துக்கணும்" என்றார் டாக்டரம்மா.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த வருடத் தேதியை அப்போதே சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டாள். வெளியே, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கணவர் ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.