சாலு என்றால் போதும்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி வரை எங்கள் தொழிற்சாலை ஆட்கள் வருடம் ஒருமுறை சைக்கிள் மிதிப்பார்கள். அங்குள்ள காது கேளாத பிள்ளைகளின் விடுதிக்கு நன்கொடை. நன்கொடையை முன்பே வசூலித்துவிடுவார்கள். பிறகு எதற்கு மிதிக்க வேண்டும் என்று கேட்டேன். சும்மா கொண்டுபோய்க் கொடுத்தால் நன்றாக இருக்காதாம்.

அதுவரை பெண்களுக்கு, சைக்கிள்களுக்குப் பின்னால் வரும் வேனில்தான் இடம். குளுக்கோஸ் கலக்கும் வேலை. அந்த வருடம் தரப் பரிசோதனைப் பிரிவிலிருந்து நான் ஒருத்தி மிதிக்கப் பெயர் கொடுத்தேன்; குளுக்கோஸ் கலக்க வேறு பெண்கள் யாரும் வரவில்லை. எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் தடுக்கவில்லை, நிபந்தனை போட்டார்: நடுவழியில் நான் வேனில் ஏறினால் அடுத்த வருடமும் பெண்களுக்குக் குளுக்கோஸ்தான். பர்சனல் ஆபீசரும் தலையாட்டினார். ஆக, எங்கள் பிரிவுப் பெண்கள் எல்லோரும் என் இரண்டு கால்களை நம்பியிருந்தார்கள்.

பாதுகாப்புக் குறிப்பில் மூன்று விஷயங்கள். ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. வரிசை மாறக் கூடாது. சானமாவுக் காட்டில் யானை நின்றால் ஹாரன் அடிக்கக் கூடாது. சைக்கிளில் ஏது ஹாரன்? மணி அடிக்கலாமா என்பதைப் பற்றிக் குறிப்பு மௌனம் காத்தது. யானையும் வரவில்லை.

முன்னால் வழிகாட்டியாகப் போனவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஆலையில் நல்ல தமிழ் பேசுவார். பதறினால் வீட்டுத் தெலுங்குதான் வரும். ராயக்கோட்டையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் அங்கே இறங்கி நின்று, வேகமாக வந்த எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி, "சாலு, சாலு" என்று கத்தினார். தெலுங்கில் அதற்குப் போதும் என்று பொருள். நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் லைனிலோ, கன்னடக்கார ஆபரேட்டர்களிடமிருந்து தொற்றிக்கொண்ட வேறொரு சாலு உண்டு. மெஷினைச் சாலு பண்ணு என்றால் ஓடவிடு. தினமும் அதைக் கேட்டுத்தான் பச்சைப் பட்டனை அழுத்துகிறோம். எல்லோரும் நேராகவே இன்னும் அழுத்தி மிதித்தோம். சிலர் அவருக்குக் கைகாட்டி நன்றியும் சொன்னார்கள்.

அப்புறம் நீண்ட இறக்கம். கிருஷ்ணகிரி இவ்வளவு சுலபமா என்று பேசிக்கொண்டே போனோம். தக்காளிக் கூடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் எங்கே போகிறோம் என்று விசாரித்தார். சொன்னதும் நாங்கள் வந்த பக்கமே கையைக் காட்டினார்.

"இது பாலக்கோடு ரோடுங்க. கிருஷ்ணகிரிக்குப் போறவங்க மேல ஏறித்தான் போவணும்."

இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும். அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. முதலில் இரண்டு பேர் முழங்காலைப் பிடித்தார்கள். ஒருவருக்குத் திடீரென்று செயின் சரியில்லை. கொஞ்ச நேரத்தில் வேனின் கூரையில் சைக்கிள்கள் அடுக்காகிவிட்டன. அதுவரை மிதித்து வந்த சூப்பர்வைசர் ஜன்னலோர சீட்டில் இருந்தார்.

நான் பாதி மேட்டில் தள்ளாடிக்கொண்டிருந்தபோது வேன் என் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. தொடை எரிந்தது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, நீயும் ஏறிக்க. கண்டிசன் எல்லாம் விடு."

"வேணாம் சார்."

"ஆபீசர்கிட்ட சொல்ல மாட்டேம்மா."

"நீங்க ஏறுனத நானும் சொல்லல சார்."

"அதுக்கில்ல. நீ ஒருத்தி மிதிச்சிக்கிட்டுப் போயி எறங்குனா எங்க மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது?"

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசியது அப்போதுதான். ஏறிவிடலாம் போலத்தான் இருந்தது. பேச்சை மாற்ற, தாகமாக இருக்கிறது என்று சொல்லி ஒரு டம்ளர் குளுக்கோஸ் கலக்கித் தரக் கேட்டேன். வேனில் பெண்கள் யாரும் இல்லாததால் அவரே கலக்கினார். கட்டி கட்டியாக இருந்தது. எங்கள் பிரிவுக்கு வந்திருந்தால் ரிஜெக்ட். குடித்துவிட்டு மிதித்தேன்.

ஃபிட்டர் அதே திருப்பத்தில் எங்களுக்காக நின்றிருந்தார். அவர் முன்னால், நான் பின்னால்; மிச்ச வழியில் ஒருவரோடொருவர் எந்த மொழியிலும் பேசவில்லை.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது விழா முடிந்து கேசரி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பர்சனல் ஆபீசர் சூப்பர்வைசரிடம் பெண்கள் யாராவது வேனில் ஏறினார்களா என்று கேட்டார்.

"லேடீஸ் யாரும் ஏறல சார்."

"ஜென்ட்ஸ்?"

சூப்பர்வைசர் எழுந்துபோய் இன்னொரு கரண்டி கேசரி வாங்கிக்கொண்டார். அடுத்த வருடம் பெண்களும் மிதிக்கலாம் என்று ஆபீசர் அறிவித்தார். பலமான கைதட்டல். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடி அந்தக் கேசரியைச் சாப்பிட்டேன்.